புதுப்பிப்பு: பாட்டியின் அண்ணன் பெயர் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்தில் கிடைத்துவிட்டது

மெட்ராஸ் சாப்பர்ஸில் (பிரிட்டிஷ் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவு) இருந்து, 1942க்குப் பிறகு தகவலே இல்லாமல் போன பாட்டியின் அண்ணனை எப்படித் தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன், உதவிய எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தளத்தில் முழுப்பெயரை விட்டுவிட்டு முதல் மூன்று எழுத்தும் படைப்பிரிவும் மட்டும் போடச் சொன்ன யோசனைதான். பெயரில் உள்ள ழகரத்தை வெள்ளைக்காரர் எப்படியோ எழுதி வைத்திருக்கிறார், அந்த எழுத்துக்கூட்டலை நான் ஆயுசுக்கும் ஊகித்திருக்க மாட்டேன். கூடுதல் தகவலில் தகப்பனார் பெயரும் வட ஆற்காடு என்றும் இருந்ததால் சந்தேகமில்லை.

எதிர்பாராதது இறந்த தேதி: 1943. சிங்கப்பூர் சரணடைந்தது 15 பிப்ரவரி 1942, அப்படியானால் சண்டையில் சாகவில்லை, கைதியாக இருந்திருக்கிறார். ஞாயிறன்று அம்மாவோடு கிராஞ்சிக்குப் போனோம். நினைவிடத்தின் தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், படைப்பிரிவு வாரியாக, அதனால் தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அம்மா அவர் பெயரின் எழுத்தை விரலால் தடவிவிட்டு, "தப்பா எழுதியிருக்கானே" என்றார்.