நடுத்தர விலையில் நல்ல பால்பாயின்ட் பேனா: எதைப் பார்த்து வாங்குவது? (அனுபவப் பகிர்வு)

கறுப்புநீலம்

பேனா வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது கூட்டைத்தான். நிறம், கிளிப், கையில் எடுத்தால் தெரியும் கனம். ஆனால் காகிதத்தைத் தொடுவது ரீஃபில் மட்டுமே. செலவழிக்கும் காசு அளவானது என்றால் ரீஃபிலை முதலில் முடிவு செய்யுங்கள். அது எந்தக் கூட்டில் நுழையும் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

காரணம் முனையின் அமைப்பில் இருக்கிறது. பித்தளையிலோ எஃகிலோ கடைந்த ஒரு சின்னக் குழி. அதற்குள் டங்ஸ்டன் கார்பைடு குண்டு. குண்டு விழுந்துவிடாதபடி குழியின் விளிம்பை உள்பக்கமாக மடித்திருப்பார்கள். குண்டுக்கும் விளிம்புக்கும் இடையில் இருக்கும் இடைவெளி மயிரிழையைவிடப் பலமடங்கு குறுகியது. அது கொஞ்சம் அகன்றால் மை கக்கும், கொஞ்சம் இறுகினால் விட்டு விட்டு எழுதும். மலிவான ரீஃபிலில் ஒன்று நன்றாக எழுதி, அதே பெட்டியில் இருக்கும் அடுத்தது மக்கர் பண்ணுவது இந்தச் சீரின்மையால்தான். நடுத்தர விலைக்குப் போகும்போது நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது முக்கியமாக இந்தச் சீர்தான்.

ரீஃபிலில் போட்டிருக்கும் 0.5, 0.7, 1.0 எல்லாம் குண்டின் விட்டம், மில்லிமீட்டரில். கோட்டின் அகலம் அல்ல. கோடு குண்டின் விட்டத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் விழும். 1.0 குண்டு ஏறக்குறைய 0.4 மி.மீ. கோடு போடும்.

மையில் இரண்டு வகை. பழைய பாணி எண்ணெய் மை பசைபோல் கெட்டியாக இருக்கும். அழுத்தி எழுத வேண்டும், ஆனால் உடனே காயும், நெடுநாள் வரும். இன்னொன்று இளகிய எண்ணெய் மை. யூனி நிறுவனத்தின் ஜெட்ஸ்ட்ரீம் 2006இல் ஜப்பானில் வந்த பிறகு இந்த வகை பரவலானது. ஷ்மிட் ஈஸிஃப்ளோ 9000, ஷ்னைடர் ஸ்லைடர் 755, பைலட் அக்ரோபால் எல்லாம் இந்தக் குடும்பம். கை அழுத்தம் குறைவாகவே வேண்டும், கோடு கருமையாக விழும். ஒரு மீட்டர் கோட்டுக்கு அதிக மை செலவாவதால் சீக்கிரம் தீரும். தினமும் பக்கம் பக்கமாக எழுதுபவருக்கு என் சிபாரிசு இளகிய மை, 0.7.

ழகரம்

மேலே சொன்ன 0.7ஐ நானும் வழிமொழிகிறேன். தமிழில் எழுதுபவருக்கு இதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ஞ, இ, ழ, ணை. எழுத்தைப் பொடியாக எழுதுபவர் 1.0 பிடித்தால் ‘ண’வின் சுழிகள் மையால் அடைபட்டு, இரண்டு சுழி, மூன்று சுழி வித்தியாசமே தெரியாமல் போகும். அரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் எழுதுகிறவருக்கு 1.0 பரவாயில்லை. அதற்குக் கீழே 0.7. கட்டம் போட்ட தாளில் பொடி எழுத்து என்றால் 0.5. அதற்கும் மெல்லியதாகப் போனால் முனை காகிதத்தைக் கீறுவது கையில் உணரத் தொடங்கும்.

சோதித்துப் பார்க்கும்போது எல்லோரும் நேர்கோடோ கையெழுத்தோ போட்டுப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். அதில் எதுவும் தெரியாது. இப்படிச் செய்யுங்கள்:

தனித்தாளில் எழுதாதீர்கள், அடியில் நாலைந்து தாள் இருக்கட்டும். கண்ணாடி மேசைமேல் ஒற்றைத் தாளை வைத்தால் குண்டுக்குப் பிடிப்புக் கிடைக்காது, நல்ல பேனாவும் வழுக்கும். முதல் இரண்டு வரியைக் கணக்கில் எடுக்காமல் கிறுக்கித் தள்ளுங்கள். புது முனையில் காப்பு மெழுகு இருக்கும், கடையில் நாள்பட நின்ற முனை காய்ந்தும் இருக்கும். பிறகு ‘ஞாயிறு’, ‘இணை’, ‘வாழை’ என்று இடைவிடாமல் மூன்று வரி. சுழியிலிருந்து திரும்பும் இடத்தில் கரும்புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் விளிம்பில் மை சேர்கிறது, அந்த ரீஃபில் வேண்டாம். அடுத்து, வேகமாகக் குறுக்குக் கோடுகள் பத்து, மிக மெதுவாக இரண்டு. வேகத்தில் அறுந்தால் மை வரத்து போதவில்லை. மெதுவில் திட்டுத் திட்டாக வந்தால் குண்டு சீராக உருளவில்லை.

கடைசியாகப் பேனாவைச் சாய்த்து எழுதிப் பாருங்கள். காகிதத்தோடு 50 டிகிரிக்கு மேல் நிமிர்த்திப் பிடிப்பவருக்குப் பிரச்சினை வராது. ரொம்பப் படுக்க வைத்தால் குண்டுக்குப் பதில் விளிம்பு உரசும், சரசரவென்று சத்தம் கேட்கும். மை பேனாவில் பழகியவர்கள் சாய்த்துப் பிடிப்பார்கள், பால்பாயின்ட் சீக்கிரம் கெட்டுவிடுகிறது என்பார்கள். விளிம்பு தேய்வதுதான் அங்கே நடப்பது.

ஜி2 அளவுக்காரர்

ரீஃபில் முதலில், கூடு பிறகு என்பது சரி. ஆனா ரீஃபில் அளவு தெரியாம வாங்கினா மாட்டிக்குவீங்க. தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டே அளவுதான்.

ஒண்ணு ஜி2. ‘பார்க்கர் மாடல் ரீஃபில்’னு சொன்னா எல்லாருக்கும் புரியும். நீளம் சுமார் 98 மி.மீ., தடிமன் கிட்டத்தட்ட 6 மி.மீ., பின்பக்கம் பல்லுப் பல்லா ஒரு மூடி இருக்கும். பார்க்கர் ஜாட்டர் (1954லேர்ந்து வர்ற பேனா) தொடங்கி எத்தனையோ கம்பெனிக் கூடுகள் இந்த அளவுதான். ஈஸிஃப்ளோ 9000, ஸ்லைடர் 755, ஜெட்ஸ்ட்ரீம் எஸ்எக்ஸ்ஆர்-600 எல்லாமே இதுல நுழையும். பழைய கெட்டி மை வேணும்னா ஷ்மிட் பி900, ஷ்னைடர் எக்ஸ்பிரஸ் 735. ஒரு கூடு வாங்கி வெச்சுக்கிட்டு, வேலைக்குத் தக்க ரீஃபிலை மாத்திக்கலாம். காசு மிச்சமாகிற இடம் இதுதான்.

இன்னொண்ணு டி1. 67 மி.மீ. நீளம், 2.3 மி.மீ. சொச்சம் தடிமன். ரெண்டு மூணு நிறம் ஒரே பேனாவில வர்ற மாடல்கள்ல பெரும்பாலும் இது. மை ரொம்பக் கொஞ்சம் பிடிக்கும், அதனால முக்கியப் பேனாவுக்கு வேண்டாம்.

குழப்பம் வர்ற இடம்: பைலட் கம்பெனி ‘ஜி2’னு ஒரு ஜெல் பேனா விக்குது. அது பேனாவோட பேரு. அதோட ரீஃபில் ஜி2 அளவு கிடையாது, ஜாட்டர்ல நுழையாது. அதே மாதிரி லாமி எம்16, கிராஸோட மரை போட்டுத் திருகுற ரீஃபில் ரெண்டும் அந்தந்தக் கம்பெனிப் பேனாவுக்கு மட்டும். பேனா அருமையா இருக்கலாம், மாத்து ரீஃபில் உங்களுக்குக் கிடைக்குமான்னு பாத்துட்டு இறங்குங்க.

ஜெட்ஸ்ட்ரீமோட சாதாரண கிளிக் பேனாவில வர்றது எஸ்எக்ஸ்ஆர்-7. மெல்லிசு, நீளம். அதை ஜி2 கூட்டுல போட முடியாது. மை ஒரே குடும்பம், குழாய் வேற.

தெரியாத ரீஃபிலை ஒப்பிடறப்போ நீளத்தை மட்டும் அளக்காதீங்க. முனைக்குப் பின்னாடி ஸ்பிரிங் உக்கார்ற சின்ன மேடு எத்தனை மில்லிமீட்டர்ல இருக்கு, முனையோட தடிமன் எவ்வளவு, இந்த ரெண்டும் ஒத்துவரணும். அந்த மேடு முன்ன பின்ன இருந்தா பட்டனை அமுத்தினா முனை வெளிய வராது, வந்தா உள்ள போகாது. ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் குட்டையா இருந்தா பின்பக்கம் பிளாஸ்டிக் துண்டு வெட்டிப் போட்டுச் சமாளிக்கலாம்.

இடக்கை

இடக்கையால் எழுதுபவர்களை இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. வலக்கைக்காரர் பேனாவை இழுத்துச் செல்கிறார், நாம் தள்ளிச் செல்கிறோம், எழுதிய வரியின்மேல் கையும் தேய்கிறது. இளகிய மையில் 1.0 எடுத்தால் உள்ளங்கை ஓரம் நீலமாகிவிடும். அதே மையில் 0.5 அல்லது 0.7 எடுத்தால் மைப்படலம் மெல்லியது, சீக்கிரம் காயும். சோதனை எளிது: ஒரு வரி எழுதி, ஐந்து எண்ணி, விரலால் தேயுங்கள். பிறகு பத்து எண்ணி இன்னொரு வரியை. வழவழப்பான தாளில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அங்கே மை உறிஞ்சப்படாமல் மேலேயே நிற்கும். அந்த மாதிரித் தாளில்தான் அதிகம் எழுத வேண்டும் என்றால் கெட்டி மைக்குப் போய்விடுங்கள்.

கார்பன் வைத்துப் படி எடுப்பவர்களுக்கும் கெட்டி மை 1.0தான். இளகிய மையில் கை தானாகவே அழுத்தத்தைக் குறைத்துவிடும், மூன்றாம் படியில் எழுத்தே விழாது.

கூர்நோக்கு

பழுதுகளைப் பற்றி விரிவாகப் பேசலாம். நல்ல ரீஃபில் பாதி மையோடு குப்பைக்குப் போவது இங்கேதான்.

விட்டு விட்டு எழுதினால் முதலில் காகிதத்தைச் சந்தேகப்படுங்கள். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் விட்டுப் போகிறது, மேலே நன்றாக வருகிறது என்றால் அது கையின் எண்ணெய்ப் பிசுக்கு. கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் வைத்தால் தீர்ந்தது. எந்தத் தாளிலும், எல்லா இடத்திலும் விட்டால்தான் பேனாவின் குற்றம்.

குழாய் கண்ணாடிபோல் தெரிந்தால் முனைக்கும் மைக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறதா பாருங்கள். படுத்துக்கொண்டு மேல்நோக்கியோ, சுவரில் வைத்தோ எழுதினால் மை கீழே இறங்க, குண்டு வழியாகக் காற்று நுழைந்துவிடும். மூடியைப் போட்டு, வால்பக்கத்தைப் பிடித்து, முனை வெளிப்பக்கம் இருக்கும்படி இருபது முப்பது தடவை வேகமாக வீசி உதறுங்கள். இளகிய மை திரும்ப வந்து சேரும். கெட்டி மையில் பாதி நேரம்தான் பலிக்கும். சுவரில் மாட்டிய அட்டையில் தினமும் குறிக்க வேண்டிய வேலை என்றால் ஃபிஷர் மாதிரி அழுத்தம் ஏற்றிய ரீஃபில் வாங்குங்கள். உள்ளே நைட்ரஜன் மையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கூட வரும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை வாலில் செருகினால் ஜி2 கூட்டிலும் பொருந்தும்.

நாள்பட்டு நின்ற முனைக்குத் தீக்குச்சி காட்டுவது பரவலான வழக்கம். தயவுசெய்து வேண்டாம். பிளாஸ்டிக் குழாய் இளகும், மையின் கரைப்பான் கொதித்து உள்ளே குமிழி கட்டும். எழுதிய மாதிரி ஒரு பக்கம் எழுதிவிட்டு நிரந்தரமாக நிற்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியில் முனையைத் துடைத்து, சொரசொரப்பான தாளில் எட்டு எட்டாகக் கிறுக்குங்கள். அதற்கும் வராவிட்டால் ரப்பர் அழிப்பானின்மேல் உருட்டுங்கள். ரப்பரின் பிடிப்பு குண்டைச் சுழலவைக்கும்.

வாலில் மைக்குப் பின்னால் நிறமற்ற பசை கொஞ்சம் தெரிந்தால் அது கழிவு அல்ல. இளகிய மை பின்பக்கம் ஒழுகாமலும் காயாமலும் தடுக்கும் காப்பு அது. வாயால் ஊதினால் அது நகர்ந்து மை வழியும்.

தரையில் முனை குத்தி விழுந்த ரீஃபிலுக்கு வைத்தியம் கிடையாது. விளிம்பு நசுங்கியிருக்கும். ஒரு திசையில் நன்றாக எழுதி, மறுதிசையில் கீறும். மாற்றிவிடுங்கள்.

கறுப்புநீலம்

கூட்டைப் பற்றி நான் குறைத்துச் சொல்லிவிட்டேன். இரண்டு மூன்று மணிநேரம் தொடர்ந்து எழுதுபவருக்குக் கூடும் முக்கியம்தான். பிடிக்கும் இடத்தில் 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருந்தால் விரல் இறுகாது. பென்சில் அளவு ஒல்லியானது அரைமணியில் வலிக்கும். மொத்தக் கனம் 10 முதல் 20 கிராமுக்குள் போதும். கனம் முன்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். முழு உலோகப் பேனா பின்கனமாக இருந்தால் எழுத எழுத நுனி மேலே தூக்கப் பார்க்கும்.

முனையை விரலால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால், ஒவ்வொரு எழுத்தின் தொடக்கத்திலும் ‘டக்’ என்று தட்டும். பட்டனை இருபது தடவை அமுக்கிப் பாருங்கள், ஒருமுறைகூடச் சிக்கக் கூடாது. கழற்றும் மரை பிளாஸ்டிக்கா உலோகமா என்பதையும் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் மரையில் அடிக்கடி ரீஃபில் மாற்றினால் முதலில் விரிசல் விடுவது அந்த இடம். திறக்கும்போது ஸ்பிரிங் எந்தப் பக்கம் குறுகியிருக்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். சில மாடலில் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

ழகரம்

பத்திரம், விண்ணப்பம், காசோலை இவற்றில் எழுத வாங்குகிறவர்கள் ரீஃபிலின்மேல் ‘ஐஎஸ்ஓ 12757-2’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆவணங்களுக்கான தரம் அது. தண்ணீர், ஆல்கஹால், ப்ளீச், வெளிச்சம் ஆகியவற்றுக்குத் தாக்குப்பிடிக்கிறதா என்று சோதித்திருப்பார்கள். 12757-1 என்பது பொது உபயோகத்துக்கு.

தேய்த்து அழிக்கும் பேனாவை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். அந்த மை சுமார் 60 டிகிரி செல்சியஸில் நிறம் இழக்கும். லாமினேஷன் இயந்திரத்துக்குள் போன படிவம் வெற்றுத்தாளாக வெளியே வரும். வெயிலில் நின்ற காரின் முன்பலகையில் கிடந்த தாளுக்கும் அதே கதி வரலாம்.

ஜி2 அளவுக்காரர்

சட்டைப் பையில மை கக்கிடுச்சுன்னா தண்ணிய ஊத்தித் தேய்க்காதீங்க, எண்ணெய் மை பரவத்தான் செய்யும். கறைக்கு அடியில பழைய வெள்ளைத் துணி வெச்சு, மேலேர்ந்து ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை ஒத்தி எடுங்க. அடித்துணியை மாத்திக்கிட்டே இருங்க, மை அதுல இறங்கும். சாயம் போற துணியா இருந்தா முதல்ல உள்மடிப்புல ஒரு சொட்டு வெச்சுப் பாத்துக்குங்க. கறை முழுசாப் போனப்புறம்தான் சோப்பு போட்டுத் துவைக்கணும். வெந்நீரும் இஸ்திரியும் அதுக்கு அப்புறம்.