சிஸ்டைன் சிற்றாலயத்தில் கேமராவுக்குத் தடை: காரணம் ஃப்ளாஷா, ஜப்பான் டிவியா?

நெல்லை நாடோடி:
போன வாரம் ஒளிப்பெட்டி இங்கே எழுதிய ரோம் பயணக் குறிப்பைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஃப்ளாஷ் பட்டால் மைக்கேலாஞ்சலோவின் ஓவியம் வெளுத்துவிடும், அதனால்தான் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்க விடுவதில்லை" என்கிறார். தவறு. தடை வந்தது ஜப்பானின் நிப்பான் டெலிவிஷனால். 1980 முதல் 1994 வரை கூரை ஓவியங்களையும் பீடச் சுவரில் உள்ள 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தையும் சுத்தம் செய்தார்களே, அதற்குப் பணம் கொடுத்தது அவர்கள்தான். 42 லட்சம் டாலர். பதிலுக்கு அந்த ஓவியங்களைப் படம் பிடிக்கும் தனி உரிமையை வாங்கிக்கொண்டார்கள். ஃப்ளாஷுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒளிப்பெட்டி:
கல்யாண வீடுகளில் கேமரா பிடித்தே முடி நரைத்தவன் நான். வெளிச்சம் என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் வேண்டாம். நீங்கள் சொல்லும் உரிமை, ஒவ்வொரு கட்ட வேலையும் முடிந்து மூன்று வருஷம்தான். 'இறுதித் தீர்ப்பு' 1994ல் முடிந்தது. 1997ல் உரிமையும் தீர்ந்தது. காவலர்கள் இன்றைக்கும் "நோ ஃபோட்டோ" என்று சத்தம் போடுகிறார்கள். ஒப்பந்தம் போயும் தடை போகவில்லை என்றால் காரணம் ஃப்ளாஷ்தானே?

நெல்லை நாடோடி:
தம்பி, தடை "வந்தது" எதனால் என்று எழுதினேன். "இருப்பது" எதனால் என்று எழுதவில்லை. இரண்டும் வேறு. ஃப்ளாஷ்தான் பிரச்சினை என்றால் ஃப்ளாஷை மட்டும் தடுத்தால் போதுமே! பக்கத்திலேயே புனித பேதுரு பேராலயம். அங்கே ஆளாளுக்குப் படம் எடுக்கிறார்கள். மிலானில் டாவின்சியின் 'இறுதி இராவுணவு' உதிர்ந்து உதிர்ந்து பாதிதான் மிச்சம். அங்கேகூட ஃப்ளாஷ் போடாமல் எடுக்கலாம். சிஸ்டைனில் மட்டும் செல்போனையே தூக்கக்கூடாது என்றால், அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது யார்? 42 லட்சம் டாலர்.

ஒளிப்பெட்டி:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்கு வயது 52.

சுண்ணாம்புச் சுவர்:
பழைய கட்டடங்களில் பூச்சு வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்தக் கூரை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைந்தது. பூச்சு காயும்போது காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும். நிறம் அந்தக் கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்த நிறங்கள். கண் சிமிட்டும் நேரத்து ஃப்ளாஷுக்கெல்லாம் அது வெளுக்காது. அதற்கு எதிரி மனிதனின் மூச்சு, வியர்வை, உடுப்பில் வரும் தூசி. வருஷத்துக்கு ஐம்பது அறுபது லட்சம் பேர் போய்வருகிறார்கள். 2014ல் புதிய குளிர்சாதன அமைப்பு வைத்தது இதற்காகத்தான். இத்தாலியின் பதுவா நகரில், ஜோத்தோ என்ற பழைய ஓவியர் வரைந்த ஸ்க்ரோவேன்யி சிற்றாலயத்தில் பார்வையாளர்களை முதலில் ஓர் அறையில் உட்காரவைத்து, காற்று சமநிலைக்கு வந்த பிறகு கால் மணி நேரம்தான் உள்ளே விடுகிறார்கள்.

நெல்லை நாடோடி:
பாருங்கள், தொழில் தெரிந்தவரே ஃப்ளாஷ் இல்லை என்கிறார். ஜப்பான் டிவிதான்.

சுண்ணாம்புச் சுவர்:
நான் ஜப்பான் டிவி என்று சொல்லவில்லை. மூச்சு என்றேன்.

வேளாங்கண்ணிப் பேத்தி:
ஒரு வார்த்தை, அண்ணன்மாரே. அது கர்தினால்கள் கூடித் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் இடம். 2025 மே மாதம் 14ஆம் லியோவைத் தேர்ந்தெடுத்ததும் அங்கேதான். நான் போனபோது ஒரு மூலையில் நின்று செபம் சொல்ல நினைத்தேன். சுற்றிலும் திருட்டுத்தனமாக இடுப்பளவில் செல்போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழுகையே வந்துவிட்டது. பீடம் இருக்கும் இடத்தில் படம் எடுக்காதே என்று சொல்ல ஜப்பான்காரனும் வேண்டாம், ஃப்ளாஷும் வேண்டாம்.

ஒளிப்பெட்டி:
அம்மா சொல்வது நியாயம். நாடோடியாரே, நிப்பான் நிறுவனமே பிறகு என்ன சொன்னது தெரியுமா? சாதாரணச் சுற்றுலாப் பயணிகளுக்கு எங்கள் உரிமையால் தடை இல்லை என்றது. இதை ஏன் மறைத்தீர்கள்? அப்புறம் அந்த 42 லட்சம். முதலில் பேசியது 30 லட்சம். பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள்.

நெல்லை நாடோடி:
30 லட்சத்தில் தொடங்கி 42 லட்சம் ஆனது. முடிவில் கொடுத்த தொகையைச் சொல்வது பாதிக் கதையா? பயணிகளுக்கு இல்லை என்று நிப்பான் சொன்னதும் எனக்குத் தெரியும். யார் தொழில்முறை ஆள், யார் பயணி என்று வாசலில் பிரித்துப் பார்க்க முடியாமல் எல்லோருக்கும் ஒரேயடியாகத் தடை போட்டார்கள். ஆக அதுவும் ஒப்பந்தத்தால் வந்ததுதான்! இதை எத்தனை முறை எழுதுவது? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் ராவென்னா நகரில் சான் விதாலே ஆலயத்தில் உள்ள தியோடோரா அரசி மொசைக்கை, சான்ட் அப்போலினாரே ஆலயத்தில் இருப்பதாக எழுதியவர் நீங்கள். நான் சுட்டிக்காட்டியதும் என் பின்னூட்டத்தை நீக்கினீர்கள். நான் மறக்கவில்லை.

ஒளிப்பெட்டி:
நீக்கியது பிழையைச் சொன்னதற்காக இல்லை, நீங்கள் சொன்ன விதத்துக்காக. மூன்று வருஷமாகிறது, இன்னும் அதே பேச்சு.

அலைந்த கால்:
வெளிநாட்டு ஆலயத்துக்கு இத்தனை சண்டையா? 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனே கூடாது என்றது. அப்போது "என் உரிமை போச்சு" என்று குதித்தவர் இதே ஒளிப்பெட்டி. ரோமில் மட்டும் தடை இனிக்கிறதா?

ஒளிப்பெட்டி:
அது வேறு, இது வேறு. பிரகாரத்தில் தூணைப் படம் எடுப்பதும் ஓவியத்தின் மேல் ஃப்ளாஷ் அடிப்பதும் ஒன்றா?

சுண்ணாம்புச் சுவர்:
ஃப்ளாஷ் அந்தச் சுவரை ஒன்றும் செய்யாது என்று மேலே எழுதியிருக்கிறேன். யாராவது படித்தீர்களா?

நெல்லை நாடோடி:
நான் படித்தேன். ஒளிப்பெட்டியின் குறிப்பில் "ஃப்ளாஷ் பட்டால் வெளுத்துவிடும்" என்ற வரி இந்த நிமிஷம் வரை அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நிப்பான் ஒப்பந்தம் என்று போடுங்கள். அதுவரை தினமும் கேட்பேன்.

ஒளிப்பெட்டி:
1997ல் முடிந்துபோன ஒப்பந்தத்தை என் குறிப்பில் எழுத மாட்டேன். கேட்டுக்கொண்டே இருங்கள்.

நெல்லை நாடோடி:
ஒப்பந்தம் எப்போது முடிந்தது என்பதா கேள்வி? தடை எதனால் வந்தது என்பதுதான் கேள்வி. நாளைக்கும் வருகிறேன்.