பொதுவான ஃபேன்டஸி உலகம் ஒன்றை அமைப்பது: எங்கிருந்து தொடங்குவது?

வழித்துணை (கேள்வி)

மூன்று ஆண்டுகளாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் பிறர் எழுதிய சாகசங்களை மட்டுமே நடத்திவந்த நான், இப்போது முதன்முறையாகச் சொந்தமாக ஓர் உலகத்தை அமைத்து வருகிறேன். ஆட்டக்காரர்கள் ஐவரில் இருவர் இவ்வகை விளையாட்டுக்கே புதியவர்கள் என்பதால், எல்ஃப், குள்ளர், ஓர்க் என்ற கற்பனை இனங்கள், இடிந்த கோட்டை, நிலவறை, டிராகன் என விதிநூலைப் புரட்டிய எவரும் எதிர்பார்ப்பவை அனைத்தும் உள்ள பொதுவான உலகமே போதும் என்று முடிவுசெய்தேன்.

இதுவரை 40 பக்கங்கள் எழுதியிருக்கிறேன்: 3,000 ஆண்டு வரலாறு, ஏழு பேரரசுகள், அரச வம்சங்களின் கொடிவழி. திரும்பப் படித்தால் எல்லாம் எங்கேயோ படித்ததைப் போலவே இருக்கிறது. சோதனையாக நடத்திய முதல் அமர்விலோ ஒருவர், “ஊருக்கு அரை நாள் நடைத் தொலைவில் தங்கம் நிறைந்த நிலவறை இருக்கிறதென்றால், ஊர்க்காரர்கள் அதை ஏன் இன்னும் எடுக்கவில்லை?” என்று கேட்டுவிட்டார். அந்த 40 பக்கங்களில் அதற்கு விடை இல்லை. பொதுவான உலகம் என்ற வரம்பை மீறாமலேயே அதற்கு உயிர் கொடுப்பது எப்படி?

பகடைமுனை

உங்கள் ஆட்டக்காரர் கேட்ட கேள்வியையே அடித்தளமாகக் கொள்ளுங்கள் என்பேன். பொதுவான உலகம் என்று நாம் சொல்வது, விதிநூல் சொல்லாமலேயே ஏற்றுக்கொண்டிருக்கும் உலகத்தைத்தான். இடிபாடுகள் எங்கும் கிடக்கின்றன, அவற்றில் செல்வம் எஞ்சியிருக்கிறது, ஆயுதம் தாங்கிய ஐந்து பேர் ஊருக்குள் நுழைந்தால் காவலர்கள் கண்டுகொள்வதில்லை, கோயிலுக்குப் போனால் காயம் ஆறிவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் காரணம் சொல்வதுதான் உலக அமைப்பாளரின் முதல் வேலை. பேரரசர்களின் பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும், வராமலும் போகட்டும்.

2008இல் நான்காம் பதிப்போடு வந்த நென்டிர் பள்ளத்தாக்கு என்ற ஆயத்த நிலப்பகுதி இதற்கு நல்ல சான்று. பேரரசு ஒன்று வீழ்ந்துவிட்டது. இருளில் எரியும் சிறு விளக்குகளைப் போல ஊர்கள் தனித்தனியே நிற்கின்றன. அவற்றுக்கு இடையிலான நிலம் யாருடைய காவலிலும் இல்லை. வரலாறு அவ்வளவே என்றாலும், இடிபாடுகள் ஏன் இருக்கின்றன, பாதைகள் ஏன் ஆபத்தானவை, சாகசக்காரர்களை ஊர் ஏன் வரவேற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. 2004இல் வெளிவந்த எபெரான் என்ற ஆயத்த உலகம் வேறு வழியில் போனது: மாயாஜாலம் இவ்வளவு நம்பகமாக வேலை செய்யுமானால் அது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கும் என்று கொண்டு, மாய விளக்குகள் எரியும் தெருக்களையும் மின்னல் ரயிலையும் உள்ளே கொண்டுவந்தது. எல்ஃபும் குள்ளரும் அங்கும் உண்டு.

மாயாஜாலத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி, ஐந்தாம் நிலை அடைந்த கிளெரிக் (தெய்வத்தின் அருளால் மந்திரம் செய்யும் பூசாரி வகைப் பாத்திரம்) ஒருவர், இறந்து ஒரு நிமிடம் கடக்காதவரை உயிர்ப்பிக்கலாம். அதற்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரங்கள் செலவாகும். அதே நூலில் பயிற்சியற்ற கூலியாளின் நாட்கூலி 2 வெள்ளிக்காசு, ஒரு பொற்காசுக்கு 10 வெள்ளிக்காசு. அதாவது, ஓர் உயிரின் விலை 1,500 நாள் உழைப்பு. ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல். இந்த ஓர் எண்ணே ஒரு வைரச் சுரங்கத்தையும், அதற்காக மூளும் ஒரு போரையும், மகனை இழந்த ஏழைத் தாயின் கதையையும் தந்துவிடும். அதே கிளெரிக் உணவும் நீரும் உருவாக்கும் மந்திரத்தால் ஒரு முறைக்கு 15 பேரின் ஒரு நாள் பசியைத் தீர்க்கலாம் என்பதால், கோட்டை முற்றுகைகள் நமக்குத் தெரிந்த வகையில் நடக்கப்போவதில்லை. ஆகவே, உங்கள் நிலப்பகுதியில் ஐந்தாம் நிலை கிளெரிக்குகள் மொத்தம் எத்தனை பேர் என்பதை முதலில் எழுதுங்கள். என் உலகில் ஒரே ஒருவர், அதுவும் முதியவர். அவருக்குப் பின் யார் என்ற பேச்சுதான் இரண்டு ஆண்டுகளாக என் மேசையில் நடந்த அரசியல் முழுவதும்.

சொல்தேடி

முந்தைய மறுமொழியோடு உடன்படுகிறேன். பெயர்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். புரியாத ஒலிகளைக் கோத்து வைத்த ஊர்ப்பெயர்களை ஆட்டக்காரர்கள் அடுத்த அமர்வுக்குள் மறந்துவிடுவார்கள். ‘கரும்பாறைத்துறை’ என்றால், கறுத்த பாறைகள் இருப்பதும் படகு வந்து நிற்பதும் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. இனப்பெயர்களை மட்டும் வலிந்து மொழிபெயர்க்க வேண்டாம். எல்ஃபைத் ‘தேவதை’ என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அமர்வு முடியும்வரை அந்தப் பாத்திரத்திடம் எல்லோரும் வரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்றாவது வெளியிடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஹாஃப்லிங்’ என்ற சிற்றுருவ இனத்தின் பெயர் இந்த விளையாட்டில் நிலைத்ததே, டோல்கீன் கதைகளில் வரும் ‘ஹாபிட்’ என்ற சொல்லுக்கு அதன் உரிமையாளர்கள் 1970களில் ஆட்சேபம் எழுப்பியதால்தான். பொதுச்சொத்து என்று நாம் நினைக்கும் எல்லாமே பொதுச்சொத்தாக இருப்பதில்லை. 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான, இந்த விளையாட்டின் அடிப்படை விதிகளைக் கொண்ட 5.1 ஆதார ஆவணத்தில் உள்ளவற்றை, மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துவதில் சிக்கல் இல்லை.

ஆறுமூலை

வரைபடத்தைச் சிறிதாகத் தொடங்குங்கள். பக்கத்துக்குப் பக்கம் 6 மைல் அகலமுள்ள அறுகோணக் கட்டங்களைப் பலர் விரும்புவதற்குக் காரணம் உண்டு: சமதரையில் நிற்பவரின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 3 மைலில் தெரிவதால், கட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு அதன் விளிம்புவரை தெரியும். விதிநூலின்படி ஒரு நாள் நடை 24 மைல், அதாவது நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 31 சதுர மைல் என்பதால், ஒரே கட்டத்துக்குள் ஊரும், காடும், இடிந்த கோபுரமும், ஒருவருக்கும் தெரியாத குகையும் தாராளமாக அடங்கும். புதியவர்கள் கண்டம் முழுவதையும் வரைந்துவிட்டு, அதில் நிரப்ப ஒன்றுமில்லாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். நூறு கட்டங்கள் உங்கள் குழுவுக்கு ஓராண்டுக்குப் போதும்.

ஆறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கடலை நோக்கிப் போகும். முகத்துவாரத்தை ஒட்டியன்றி அவை பிரிவது அரிது. இதை மட்டும் தவறாக வரைந்துவிடாதீர்கள், யாராவது ஒருவர் கண்டுபிடித்து அமர்வு முழுவதும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பகடைமுனை அவர்களிடம் ஒரு சிறு மாறுபாடு: எண்களில் தொடங்கினால் புதிய ஆட்டக்காரர்களுக்கு அலுப்புத் தட்டும். அந்தக் கணக்கு, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரின் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். மேசைக்கு அதன் விளைவு மட்டும் வரட்டும்.

பகடைமுனை

ஏற்றுக்கொள்கிறேன். நானும் அந்த விலையை யாரிடமும் வாசித்துக் காட்டியதில்லை. கோயில் வாசலில் வைரத்தை எடைபோடும் ஒரு தராசை மட்டும் வைத்தேன்.

வழித்துணை

அனைவருக்கும் நன்றி. 40 பக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடினேன். நிலவறையில் இருப்பவை வீழ்ந்த பேரரசின் நாணயங்கள். இப்போதைய அரசி, தன் வம்சத்தின் உரிமையே அந்தப் பழைய முத்திரையால் கேள்விக்குள்ளாகும் என்று அஞ்சி, அந்த நாணயத்தை வைத்திருப்பதையே குற்றமாக்கிவிட்டார். உரிமப் பட்டயம் பெற்ற குழுக்கள் மட்டுமே இடிபாடுகளுக்குள் இறங்கலாம்; எடுப்பதில் பாதியை அரண்மனைக்குக் கொடுத்து, மீதிக்குப் புதிய நாணயம் பெறலாம். ஊர்க்காரர்கள் தங்கத்தை ஏன் எடுக்கவில்லை என்பதோடு, ஆயுதம் தாங்கிய ஐவரைக் காவலர்கள் ஏன் தடுப்பதில்லை என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. கிளெரிக் எண்ணிக்கையை மூன்று என்று வைத்திருக்கிறேன். வரைபடத்தில் இப்போது முப்பது கட்டங்கள்தான். இதில் ஓட்டை ஏதாவது தெரிகிறதா?

சொல்தேடி

ஓட்டை என்று சொல்ல மாட்டேன். பாதியை அரண்மனைக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள் இருக்கும்வரை, அந்தப் பழைய நாணயங்களை இரவோடு இரவாக உருக்கித் தருபவர் ஒருவராவது ஊரில் இருந்தே தீர்வார். உங்கள் ஆட்டக்காரர்கள் இரண்டாம் அமர்விலேயே அவரைத் தேடுவார்கள். அதற்குள் அவருக்கு ஒரு பெயரும், பகலில் செய்வதற்கு ஒரு தொழிலும் வைத்துவிடுங்கள்.