கண்டாங்கிச் சேலைக் கடைக்கு ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா?

கேள்வி: காரைக்குடியில் கைத்தறிக் கண்டாங்கிச் சேலை விற்கிறோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை என்பதால் வெளியூரிலும் கேட்கிறார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் பெருகும் ஆர்டர்களுக்கு ஈடுகொடுத்து இருப்பைக் கவனிக்க முடியவில்லை. இணையக் கடை தொடங்க உதவும் ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் 1: ஆச்சி, வூகாமர்ஸ் இலவச மென்பொருள்தான் என்றாலும் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), பேக்கப், புதுப்பிப்பு எல்லாம் உங்கள் பொறுப்பாகிவிடும். அவற்றைக் கவனிக்க ஆள் இல்லையென்றால், மாதச் சந்தா கட்டியேனும் ஷாப்பிஃபையில் தொடங்குங்கள்.

பதில் 2: எதுவானாலும், கைத்தறியில் ஒவ்வொரு சேலையும் சற்றே வேறுபடும் என்பதால், ஒவ்வொன்றையும் தனிப் பொருளாகப் பதிந்து இருப்பை 1 என வைத்தால், விற்றவுடன் தளமே ‘இருப்பு இல்லை’ என்று காட்டிவிடும். அரக்கு நிறக் கரையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள்.

பதில் 3: டொமைனை, அதாவது கடையின் இணைய முகவரியை, உங்கள் பெயரிலேயே பதிவுசெய்யுங்கள், ஆச்சி. அது கையில் இருந்தால், பிற்பாடு தொழில்நுட்பத்தை மாற்றினாலும் முகவரி மாறாது.