உவரிக் கடற்கரையில் கிடைத்த ‘சங்குப்பூ’: செடியா, உயிரினமா?

கேள்வி: பொருநைக்கரை ஆசிரியை, பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு அறிவியல் கற்பிக்கிறேன். கடந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவியர் சிலரை அவர்களுடைய பெற்றோருடன் உவரிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அந்தோணியார் கோவிலிலிருந்து சற்றுத் தொலைவில், அலை ஒதுக்கியிருந்த பாசிக் குவியலின் நடுவே ஒரு விந்தையான பொருள் கிடைத்தது. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளமும், செம்மறிக் கிடாவின் கொம்பைப் போன்ற முறுக்கும், காய்ந்த பனங்கிழங்குத் தோலின் நிறமும் கொண்டது அது. வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டியதுபோல் இருக்கிறது; ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஓர் அறை, அறையின் ஓரத்தில் நகக்குறி போன்ற ஒரு பிளவு. கையில் எடுத்தால் கனமே இல்லை.

மாணவியருள் ஒருத்தி அதைக் கடற்பாசி என்றாள். மற்றொருத்தி மீனின் முதுகெலும்பு என்றாள். அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம், “அண்ணாச்சி, இது என்ன?” என்று கேட்டபோது, “சங்குப்பூ” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வேலியில் படர்ந்து நீல நிறத்தில் பூக்கும் கொடியைத்தான் நான் அந்தப் பெயரால் அறிவேன். கடலில் கிடைக்கும் இதற்கும் சங்குக்கும் என்ன தொடர்பு? இரண்டாவதாக, வலம்புரிச் சங்குக்குப் பிறக்கும் குஞ்சுகளும் வலம்புரிகளாகத்தான் இருக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை.

மறுமொழி 1: கடலியல் மாணவன், தூத்துக்குடி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பெரியவர் சொன்னது முற்றிலும் சரியே. பெயரில் பூ இருந்தாலும் அது செடியின் உறுப்பன்று; பெண் சங்கு இட்ட முட்டைக்கூடு. நாம் கோவிலில் ஊதும் சங்கு, டர்பினெல்லா பைரம் என்று விலங்கியலார் அழைக்கும் ஒரு கடல் நத்தையின் ஓடு. இந்த நத்தையில் ஆணும் பெண்ணும் தனித்தனி. பெண் சங்கு ஆண்டின் முதல் சில மாதங்களில் கடலடி மணலில் இந்தக் கூட்டை இடுகிறது. கூட்டின் அடிப்பகுதி மணலுக்குள் புதைந்து நங்கூரம்போல் பிடித்துக்கொள்ள, மீதி மேலே நிமிர்ந்து நிற்கும். தரையிலிருந்து முளைத்ததுபோல் நிற்கும் அந்தத் தோற்றத்தைக் கண்டுதான் கடலில் மூழ்குவோர் இதைப் பூ என்றிருக்க வேண்டும். நீரோட்டத்திலோ வலையிலோ பெயர்ந்தவை கரை ஒதுங்குகின்றன. தங்களுக்கு மாசியில் கிடைத்தது பருவத்தோடு நன்றாகப் பொருந்துகிறது.

அறைகளுக்குள் நடப்பதுதான் வியப்புக்குரியது. ஒவ்வோர் அறையிலும் பல கருக்கள் வளரத் தொடங்குகின்றன. ஆனால் அத்தனையும் வெளியே வருவதில்லை. வலுவானவை வலுவற்றவற்றை உணவாக்கிக்கொண்டு வளர்கின்றன. இந்தக் கடற்கரையின் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் நெடுங்காலம் மேற்பார்வையிட்ட ஜேம்ஸ் ஹார்னெல் இதை நூறாண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். எஞ்சியவை முழு ஓட்டுடன், வடிவத்தில் சிறிய சங்காகவே, தாங்கள் கண்ட அந்தப் பிளவின் வழியே மணலில் ஊர்ந்து இறங்குகின்றன.

இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்று கருதுகிறேன். இதே மன்னார் வளைகுடாவில் வாழும் முத்துச்சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் சில வாரங்கள் நீரில் மிதந்து, நீரோட்டம் கொண்டுசேர்க்கும் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், ஒட்டிக்கொள்கின்றன. ஒரு பார் வெறுமையானாலும் வேறிடத்திலிருந்து வந்து நிறைய வாய்ப்புண்டு. சங்குக் குஞ்சுக்கு அந்த மிதக்கும் பருவம் இல்லை. அது பிறந்த மணலிலேயே, அங்குள்ள புழுக்களைத் தின்று வளர்கிறது. ஆகவே ஓரிடத்துச் சங்குகளை முழுவதும் வாரிவிட்டால், அந்த இடம் மீண்டும் நிறைவதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கும். முத்துச்சிப்பிக்கு இருந்த அந்த வாய்ப்பும் எப்போதும் கைகொடுத்துவிடவில்லை என்பது வேறு செய்தி. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

மறுமொழி 2: தேரிமணல்

நான் உவரிக்கு அருகில் பிறந்தவன். என் தந்தையார் தூத்துக்குடியில் தங்கிச் சங்கு குளித்தவர். மேலே எழுதிய தம்பி சொன்னவற்றோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். கடலுக்கடியில் உள்ள சங்கு, நாம் பூசையறையில் காண்பதுபோல் வெண்மையாக இருக்காது. அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தோல் போர்த்தியிருக்கும். மணலில் பாதி புதைந்து கிடக்கும்போது பழகாத கண்ணுக்குப் புலப்படாது. சங்கு ஊர்ந்த தடம் மணலில் கோடாகத் தெரியும் என்றும், அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்தே தாம் எடுத்ததாகவும் தந்தையார் சொல்வார். வாயை அடைத்திருக்கும் நகம் போன்ற மூடியையும் வீணாக்குவதில்லை. அது நறுமணப் புகைக்குச் சேரும் சரக்கு.

பூ நின்ற இடத்தில் அவர் சங்கு எடுக்கமாட்டார். சிறு சங்கு கையில் வந்தால் திரும்ப விட்டுவிடுவார். மூச்சடக்கி மூழ்கிய காலத்தில், ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடியது எவ்வளவு என்பதை அவருடைய மூச்சே தீர்மானித்தது. காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் தரையில் நடந்து தேடும் முறை வந்தபின் அந்த வரம்பு போய்விட்டது. அவர் மிகவும் வருந்திப் பேசியது இதைப் பற்றித்தான்.

கொற்கைக்குத் தங்கள் மாணவியரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள், அம்மா. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகி, அந்தத் துறைமுகம் இன்று உள்நாட்டு ஊராகிவிட்டது. ஆனால் அங்கு நடந்த அகழாய்வுகளில் வளையலுக்காக அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. நம் கடலிலிருந்து போகும் சங்கை அறுத்துச் செய்யும் வளையலை வங்காளத்தில் மணமான பெண்கள் இன்றும் அணிகிறார்கள்.

மறுமொழி 3: நெல்லை வாசகன்

வலம்புரி பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நத்தை ஓட்டின் கூர்முனை மேலே இருக்க, வாய் நம்மை நோக்கியிருக்கும்படி பிடித்தால், சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் அமையும். விலங்கியலார் அதை வலச்சுழி என்பார்கள். நம் வழக்கிலோ கூர்முனையைக் கீழாக்கிப் பார்ப்பதால் அதே சங்கு இடம்புரி ஆகிறது. நாம் வலம்புரி என்று போற்றுவது அவர்கள் கணக்கில் இடச்சுழி. அது தனி இனமன்று. அதே இனத்தில் மிக அரிதாகத் தோன்றும் மாறுபாடு. மாணவியின் கேள்வி உண்மையிலேயே ஆழமானது. குளத்து நத்தை ஒன்றில் செய்த ஆய்வுகளில், குஞ்சின் சுழி அதனுடைய சொந்த மரபணுவால் அன்றித் தாயின் மரபணுவால் அமைவது தெரியவந்திருக்கிறது. அங்கே தாயின் ஓடு எந்தப் பக்கம் சுழன்றிருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் குஞ்சின் சுழியைச் சொல்லிவிட முடியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. என் பெரியப்பா பெருந்தொகை கொடுத்து ஒரு கடையில் வாங்கிய ‘வலம்புரி’, அமெரிக்கக் கடற்கரையில் வாழும் வேறொரு நத்தையின் ஓடு என்று பின்னர் தெரிந்தது. அந்த இனத்துக்கு இயல்பாகவே இடச்சுழிதான். வாய்க்குள் நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள்: நம் சங்காக இருந்தால் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரம்புபோல் விரலில் தட்டுப்படும், அந்த ஓட்டில் அவை இல்லை.

கேட்டவரின் பதில்: பொருநைக்கரை ஆசிரியை

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. நேற்று வகுப்பில் இந்த மறுமொழிகளை வாசித்துக் காட்டிவிட்டு, கூட்டை எல்லோருமாக மீண்டும் ஆராய்ந்தோம். அறைகள் ஏறத்தாழ எல்லாம் வெறுமையாகவே இருந்தன. அடியில் மணல் ஒட்டியிருந்த பகுதியில் ஓர் அறையின் பிளவு மட்டும் திறக்காமல் இருந்தது. அதை மெல்லப் பிரித்தபோது, வெளியேற முடியாமல் காய்ந்துபோன இரண்டு சிறு சங்குகள் உள்ளே இருந்தன. கேள்வி கேட்ட மாணவியே உருப்பெருக்காடியை வைத்துப் பார்த்தாள். கூர்முனையை மேலாக்கிப் பிடித்தபோது இரண்டுக்கும் வாய் வலப்பக்கம் இருந்தது. இரண்டும் இடம்புரி.