நல்ல மணவாழ்வு வாழ்பவர்களும் கொடிய கணவன் கதைகளை ஏன் விரும்பி வாசிக்கிறோம்?

அஸ்தம்பட்டி வாசகி கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். சேலத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில் பெரும்பாலோர் பெண்கள். ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், ஜவுளிக்கடை நடத்தும் ஓர் அம்மா என்று பலரும் இருக்கிறார்கள். அடுத்த மாதத்துக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்கும்போதெல்லாம், கணவனோ மனைவியோ தன் துணையை உள்ளிருந்தே சிதைக்கும் உளவியல் திகில் கதைதான் வேண்டும் என்கிறார்கள். பேய்க்கதையில் இவர்களுக்கு நாட்டமில்லை. கணவர் பக்கத்தில் அயர்ந்து உறங்க, விளக்கை அணைக்காமல் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு அச்சப்படுவதில் ஓர் இன்பம் உண்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு எந்த ஆபத்தும் போதுமே, திருமணம் எதற்கு? நாலைந்து சந்திப்புகளில் முடிவாகும் திருமணங்களில் ‘இவர் உண்மையில் யார்’ என்ற கேள்வி முதலாண்டு முழுவதும் மனத்தில் கிடக்கும், அதுதான் காரணம் என்றார் ஒரு தோழி. காதலித்து மணந்தவர்களும் இதே ஆர்வத்தோடு வாசிப்பதால் எனக்கு அந்த விடையும் நிறைவு தரவில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கன்னங்குறிச்சியார் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். இந்த வகைக் கதை நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையே இதுதான். அக்காப்பியத்தில் நமக்குக் கிடைத்திருப்பவை வெறும் 19 பாடல்கள்தான் என்றாலும், நீலகேசி என்ற மற்றொரு காப்பியத்தின் உரை கதையைக் காத்துத் தந்திருக்கிறது. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் ஒருவன்மேல் காதல் கொண்டு, அவனை மீட்டு மணக்கிறாள் பத்திரை. இனிதாகச் சென்ற இல்லறத்தில் ஒருநாள், ஊடலின்போது விளையாட்டாக, ‘நீ கள்வன்தானே’ என்று சொல்லிவிடுகிறாள். அவன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, அன்பு காட்டி அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, அங்கே தன் எண்ணத்தைச் சொல்கிறான். ‘இறக்குமுன் தங்களை மும்முறை வலம் வர வேண்டும்’ என்று அவள் கேட்டு, அவனுக்குப் பின்புறம் வந்தபோது அவனையே தள்ளிவிடுகிறாள்.

இந்தக் கதையைத் திரையில் தந்தது நம் ஊர். ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் இன்றும் நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’ குண்டலகேசியைத் தழுவியது. வசனம் மு. கருணாநிதி. எம்.ஜி.ஆர். கதாநாயகன் என்றாலும் என்னால் மறக்க முடியாதவர் கணவனாக வந்த எஸ்.ஏ. நடராஜன்தான். ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த மலைப்பாட்டு, தனியே கேட்டால் இனிய காதல் பாட்டு. அவன் எதற்காக அழைக்கிறான் என்பது தெரிந்த நமக்கோ அதன் ஒவ்வோர் அடியும் நடுக்கம் தருகிறது. காரணம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள்! உரை சொல்லும் கதையில் சொத்துக்காகவோ பகைக்காகவோ அவன் கொல்லத் துணியவில்லை. எல்லா வீட்டிலும் கணவன் மனைவிக்குள் வந்துபோகும் ஒரு பேச்சுக்காகத் துணிகிறான். நம்மை உலுக்குவது இந்த அண்மைதான் என்பது என் எண்ணம்.

ஏற்காட்டுக் காப்பித்தோட்டம் எழுதியது:

வீட்டின் அமைப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேலத்தின் குகைப் பகுதியிலும் அம்மாபேட்டையிலும் ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. இங்கே மலையில் தோட்டத்துப் பங்களாவிலிருந்து அடுத்த வீடு கூப்பிடு தொலைவில் இருக்காது. மழைமாதத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரமே கண்ணுக்குத் தெரியாது. இக்கதைகளை எழுதுபவர்கள் மனைவியைத் தனிவீட்டுக்குக் கொண்டுபோவது அழகுக்காக என்று நான் கருதவில்லை. அவளுக்கு நேர்வதை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வீடு.

ஆலோசகர் ஒருவர் எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதே இதன் உயிர்நாடி என்று நினைக்கிறேன். பேட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய ‘கேஸ் லைட்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்கிரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்த 1944-ஆம் ஆண்டுப் படம் அதிலிருந்து வந்ததுதான். கணவன் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, பூட்டிக் கிடக்கும் மேல்தளத்துக்குத் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்து நகைகளைத் தேடுகிறான். அங்கே அவன் விளக்கேற்றும்போது, எரிவாயு பகிர்ந்துபோவதால், கீழே தனித்திருக்கும் மனைவியின் அறையில் எரிவாயு விளக்கு மங்குகிறது. அவள் அதைத் தன் கண்ணால் காண்கிறாள். ஆனால் பொருள்களை ஒளித்துவைத்துவிட்டு ‘நீதான் மறந்துவிட்டாய்’ என்று நாள்தோறும் அவன் சொல்லிச்சொல்லி, கண்ணால் கண்டதையே நம்ப முடியாத நிலைக்கு அவளைத் தள்ளியிருக்கிறான். அந்தக் கதையில் என்னை அழவைப்பது அவன் பிடிபடும் இடமன்று. துப்பறியும் அதிகாரி அவளோடு அதே அறையில் இருந்து, விளக்கு மங்குவதைத் தானும் பார்க்கும் இடம்.

குடும்பநல ஆலோசனைப் பணியில் இருப்பதால் இதை நேரிலும் கண்டிருக்கிறேன். ஒரு பெண் பால் கணக்குக் குறிக்கும் காலண்டரை மடித்து எடுத்துவந்தார். தேதிக் கட்டங்களின் ஓரத்தில், ‘சாவியை ஆணியில்தான் மாட்டினேன்’, ‘அம்மா வருவதை இவரிடம் காலையிலேயே சொன்னேன்’ என்று பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். வழக்குக்காக என்று நினைத்துக் கேட்டேன். தன் நினைவு சரிதான் என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தான் எழுதியதாகச் சொன்னார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லாலும் மனத்தாலும் இழைக்கும் கொடுமையையும் வன்முறை என்றே கொள்கிறது. ஆனால் அடித்த தழும்பைக் காட்டுவதுபோல் இதைக் காட்ட முடிவதில்லை. இத்தகைய கதையில் வாசகர் அந்த வீட்டுக்குள் இரண்டாவது சாட்சியாக நிற்கிறார். நல்ல மணவாழ்வு உள்ளவர்களும் விளக்கை அணைக்காமல் வாசிப்பதற்குக் காரணம், பாதியில் மூடிவைத்தால் அவளைத் தனியே விட்டுவிட்டதாக மனம் உறுத்துவதுதான்.

சூரமங்கலத்தான் எழுதியது:

ஆலோசகர் அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் வாசகர் எப்போதும் நேர்மையான சாட்சியாக இருப்பதில்லை. அதே 1938-இல் வந்த டாப்னி டு மாரியரின் ‘ரெபெக்கா’ நாவலில், முதல் மனைவியைச் சுட்டுக்கொன்றதைக் கணவனே ஒப்புக்கொள்கிறான். அதன் பிறகும் அவன் தப்ப வேண்டுமே என்று நாம் தவிக்கிறோம். 1940-இல் இயக்குநர் ஹிட்ச்காக் அதைப் படமாக எடுத்தபோது திரைப்படத் தணிக்கை விதிகளுக்காக அந்தக் கொலையை விபத்தாக மாற்ற வேண்டியிருந்தது. செத்தவளின் பக்கத்தைச் சொல்ல அந்தக் கதையில் யாருமில்லை, நாமும் கேட்பதில்லை.

அஸ்தம்பட்டி வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டாவது சாட்சி என்ற விளக்கம் என் தோழிகளுக்கு மிகவும் பொருந்துகிறது. கதை முடிந்ததும் அவர்கள் முதலில் கேட்பது, ‘அவள் சொன்னதை யார் நம்பினார்கள்?’ என்பதுதான். சூரமங்கலத்தாரின் மறுப்பையும் தள்ள முடியவில்லை. ஆகவே அடுத்த கூட்டத்துக்கு ‘ரெபெக்கா’வையே எடுத்துக்கொள்கிறோம். கணவனின் ஒப்புதல் வரும் அத்தியாயத்தை உரக்க வாசித்துவிட்டு, இறந்தவளைப் பற்றி நாம் நம்பும் ஒவ்வொன்றையும் யார் சொல்லி நம்பினோம் என்று ஒவ்வொருவரும் எழுதிவர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.