ஆஸ்கி தேர்வில் எல்லா ஸ்டேஷனுக்கும் 50% தானா? கட்-ஆஃப் எப்படிப் போடுவது?

கொருக்குப்பேட்டை_டாக்டர்:
வடசென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி. இறுதியாண்டு மாணவர்கள் 120 பேருக்கு உள்மதிப்பீட்டு ஆஸ்கி (OSCE, மாணவர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனாக நகர்ந்து ஒவ்வொரு வேலையைச் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வு). 12 ஸ்டேஷன், தலா 8 நிமிடம், 20 மதிப்பெண். ஒரே நேரத்தில் 2 சர்க்யூட் (அதே 12 ஸ்டேஷன் இரண்டு தனி வரிசையாக). இப்போதைக்கு 10 எடுத்தால் பாஸ். பிபி பார்க்கும் ஸ்டேஷனில் யாரும் ஃபெயில் ஆவதில்லை, ஈசிஜி ஸ்டேஷனில் பாதிப் பேர் காலி. பார்டர்லைன் ரிக்ரெஷனுக்கு (எக்ஸாமினர்களின் மதிப்பீட்டை வைத்து ஸ்டேஷன்வாரியாகக் கட்-ஆஃப் கணக்கிடும் முறை) மாறலாமா? எக்ஸெல் போதுமா? இல்லை, ஆசிரியர்கள் முன்கூட்டியே கணிக்கும் ஆங்காஃப் முறை சுலபமா?

பழைய_வண்ணை:
மாறலாம் சார், எக்ஸெல்லே தாராளம். எக்ஸாமினர் இரண்டு விஷயம் தர வேண்டும்: செக்லிஸ்ட் மதிப்பெண், அதோடு தனியாக, மாணவர் மொத்தத்தில் எப்படிச் செய்தார் என்று ஒரு குளோபல் ரேட்டிங் (1 ஃபெயில், 2 பார்டர்லைன், 3 பாஸ், 4 நன்று, 5 மிக நன்று). ஸ்டேஷன்வாரியாக இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசையில் போட்டு, ஃபோர்காஸ்ட் ஃபார்முலாவில் முதலில் 2, அடுத்து செக்லிஸ்ட் நெடுவரிசை, கடைசியில் ரேட்டிங் நெடுவரிசை கொடுங்கள். வருவதுதான் கட்-ஆஃப். உதாரணத்துக்கு, ஒரு ஸ்டேஷனில் கோட்டின் சரிவு (ரேட்டிங் 1 கூடினால் ஏறும் மதிப்பெண்) 2.4, வெட்டு (ரேட்டிங் 0 இடத்தில் கோடு காட்டும் மதிப்பெண்) 6.2 என்றால் 2 × 2.4 + 6.2 = 11. கடினமான ஈசிஜியில் சரிவு 2.5, வெட்டு 3.4 என்றால் 8.4 தான்.

ஆங்காஃபில் தேர்வுக்கு முன்பே ஏழெட்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறிப் பாஸாகும் மாணவர் ஒவ்வொரு வரியையும் செய்வாரா என்று கணிக்க வேண்டும். பெரும்பாலும் நல்ல மாணவரை மனதில் வைத்து கட்-ஆஃபை எகிறவிடுவார்கள். மாணவர் எண்ணிக்கை 50-க்குக் கீழே என்றால் ரிக்ரெஷன் கோடு ஆடும், அப்போது ஆங்காஃப் பக்கம் போங்கள். 120-க்கு வேண்டாம்.

மெடெட்_மேடம்:
ஃபார்முலா கஷ்டமில்லை, ரேட்டிங்தான் கஷ்டம். செக்லிஸ்ட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு '14 வந்திருக்கு, 3 போடலாம்' என்று போட்டால் எல்லாம் வீண். ஆர்-ஸ்கொயர் (ரேட்டிங்கும் செக்லிஸ்ட்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, 0 முதல் 1 வரை) 0.5-க்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். ஆனால் 0.95 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதியிருக்கிறார்கள். கூட்டல் எக்ஸாமினர் வேலையே அல்ல. பின்னால் கிளார்க் கூட்டட்டும். வராத மாணவருக்கு 0 என்று போட்ட வரிசையையும் கணக்குக்கு முன் தூக்குங்கள், ஒரே ஆள் கோட்டை வளைத்துவிடுவார்.

வெட்டு 10-க்கு மேல் போனால் செக்லிஸ்ட்டில் இலவச மதிப்பெண் அதிகம் என்று அர்த்தம். கை கழுவினார், பெயர் கேட்டார், நன்றி சொன்னார் என்று 5 மதிப்பெண் போய்விடும், பிபி பார்க்கக் கையில் சுற்றும் கஃப்பின் சுற்றளவு பொருந்துகிறதா என்று பார்த்ததற்கு அரை மதிப்பெண்! உங்கள் பிபி ஸ்டேஷனை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

காசிமேடு_எஸ்பி_ட்ரெயினர்:
ஹிஸ்டரி ஸ்டேஷனுக்கு ஒரு சொல். 2 சர்க்யூட் என்றால் நோயாளியாக நடிப்பவரும் (எஸ்பி) 2 பேர். ஒருவர் 'மூச்சு இஸ்துகினு வர்து டாக்டர்' என்பதோடு நிறுத்துவார். இன்னொருவர் கேட்காமலே ராத்திரி இருமல், பீடி, எத்தனை தலகாணி வைத்துப் படுக்கிறார் வரை ஒப்பித்துவிடுவார். இரண்டாவது சர்க்யூட்டுக்குச் சும்மாவே 3 மதிப்பெண் ஏறும். முதல் வாக்கியத்தை மட்டும் நிர்ணயித்து, மற்றதெல்லாம் கேட்டால்தான் என்று பழக்குங்கள். பேச்சை இலக்கணத் தமிழாக்க வேண்டாம், அந்தப் பேச்சைப் புரிந்துகொள்வதும் தேர்வில் அடக்கம். முடிந்ததும் இரண்டு சர்க்யூட் சராசரியை ஒப்பிடுங்கள்.

கொருக்குப்பேட்டை_டாக்டர்:
நன்றி. மொத்தத் தேர்ச்சிக்கு 12 கட்-ஆஃபையும் கூட்டினால் போதுமா? 5 ஸ்டேஷனில் கோட்டைவிட்டவர் மற்றதில் ஈடுகட்டிவிடுவாரே?

பழைய_வண்ணை:
அதனால்தான் இரட்டை நிபந்தனை. மொத்தமும் தாண்ட வேண்டும், குறைந்தது இத்தனை ஸ்டேஷன் பாஸாகவும் வேண்டும். 12-க்கு 7 அல்லது 8 என்று தேர்வுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், ரிசல்ட் பார்த்த பிறகு அல்ல. 12 கட்-ஆஃபின் கூட்டல் 124.8 வந்தால் 240-க்கு 52%. இதன்மேல் ஒரு எஸ்இஎம் (மதிப்பெண்ணில் இருக்கக்கூடிய அளவீட்டுப் பிழை) சேர்ப்பவர்களும் உண்டு: மாணவர்களின் மொத்த மதிப்பெண்ணில் திட்டவிலக்கம் 8%, ஆல்ஃபா (தேர்வின் நம்பகத்தன்மை) 0.75 என்றால் 8 × √(1 − 0.75) = 4, கட்-ஆஃப் 56%. தகுதியில்லாதவர் தப்பிப்போவது குறையும், தகுதியுள்ள சிலர் மாட்டுவார்கள். உள்மதிப்பீட்டில் மறுதேர்வு இருப்பதால் அது தாங்கும்.

மெடெட்_மேடம்:
ஊசிக்கு இரண்டு கையாலும் மூடியைத் திரும்ப மாட்டுவது மாதிரி ஆபத்தான தவறுகளை மதிப்பெண்ணுக்குள் நுழைக்காதீர்கள். எக்ஸாமினர் கையில் தனி மஞ்சள் சீட்டு கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இத்தனை சீட்டு சேர்ந்தால் துறைக்கூட்டம் பார்க்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத் தேர்வின் தேர்ச்சி விதி வேறு, அதில் நாம் கைவைக்க முடியாது. இதெல்லாம் உள்மதிப்பீட்டுக்கு மட்டும்.